நான்-கம்யூட்டேட்டிவ் ஃபார்ம்ஸோட கோஹோமாலஜி சைபர்னா அப்புறம் அத வச்சு என்ன பண்றது?

நாகமலை_மேக்ஸ்:

வணக்கம் எல்லாருக்கும். மதுரைல எம்எஸ்சி மேக்ஸ் ரெண்டாவது வருசம் படிக்கிறேன், வீடு நாகமலை புதுக்கோட்டை. டெ ராம் கோஹோமாலஜி (ஸ்பேஸ்ல உள்ள ஓட்டைய ஃபார்ம வச்சு கண்டுபிடிக்கிறது) வரைக்கும் ஓரளவு பிடிபட்டிருச்சு, மேனிஃபோல்டு, அது மேல டிஃபரன்ஷியல் ஃபார்ம், டி-ய ரெண்டு தடவ போட்டா சைபர், க்ளோஸ்டு ஃபார்ம எல்லாம் எடுத்து எக்ஸாக்ட் ஃபார்மால கோஷண்ட் பண்ணா கோஹோமாலஜி, வட்டத்து மேல டி-தீட்டா க்ளோஸ்டு ஆனா எக்ஸாக்ட் இல்ல, இது வரைக்கும் சரி.

இப்ப ஒரு கெஸ்ட் லெக்சர்ல வந்தவங்க நான்-கம்யூட்டேட்டிவ் டிஃபரன்ஷியல் ஃபார்ம்னு ஆரம்பிச்சாங்க. ஏ-னு ஏதோ ஒரு அல்ஜீப்ரா, கம்யூட்டேட்டிவா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, அதுல இருந்து ஒமேகா-1, ஒமேகா-2னு கட்டிக்கிட்டே போயி "இந்த காம்ப்ளெக்ஸோட கோஹோமாலஜி டிகிரி 0-ல மட்டும் கே, மத்த எல்லாத்துலயும் சைபர்"னு போர்டுல எழுதுனாங்க (கே-ங்கிறது கோயஃபிஷண்ட் வர்ற ரிங்). கொஞ்ச நேரம் கழிச்சு அதே வாயால "இத வச்சு எந்த ஸ்பேஸோட இன்டீஜர் கோஹோமாலஜியையும் எடுக்கலாம், கரூபின்னு ஒரு மேக்ஸ்காரர் பண்ணிருக்காரு"ன்னுட்டாங்க. அங்கயே மண்ட காஞ்சிருச்சு.

எல்லாமே சைபர்னா அதுல இருந்து எப்படி ஒரு ஸ்பேஸோட கோஹோமாலஜி வரும்? இன்னொன்னு, டோபாலஜில வர்ற ஃபங்ஷன் எல்லாம் கம்யூட்டேட்டிவ் தான, எஃப்ஜி-யும் ஜிஎஃப்-பும் ஒண்ணு தான, அங்க போயி வேணும்னே நான்-கம்யூட்டேட்டிவா ஃபார்ம் கட்டுறதுல என்ன லாபம்? லெக்சர் முடிஞ்சு கேக்கலாம்னு பாத்தா டீ குடிக்க எல்லாரும் கெளம்பிட்டாங்க. தெரிஞ்ச அண்ணன் அக்கா யாராச்சும் சொல்லுங்க.

வைகைக்கரை:

நல்ல கேள்வி. மொதல்ல கட்டுமானத்த சொல்லிர்றேன், ஏன்னா அது தெரிஞ்சா சைபர் எங்கருந்து வருதுன்னு ரெண்டே வரில தெரிஞ்சிரும்.

ஏ ஒரு அல்ஜீப்ரா, கே மேல, 1 இருக்கு. ஏ டென்சர் ஏ-ல இருந்து ஏ-க்கு பெருக்கல் மேப் இருக்குல்ல, அதோட கெர்னல் தான் ஒமேகா-1. டிஏ-ங்கிறது 1 டென்சர் ஏ மைனஸ் ஏ டென்சர் 1. லைப்னிட்ஸ் ரூல், அதாவது டி(ஏபி) = ஏ டிபி + டிஏ பி, தானா வரும், ஒரு தடவ போட்டுப் பாத்துக்க. கம்யூட்டேட்டிவ் உலகத்துல கேலர் டிஃபரன்ஷியல்னு படிச்சிருப்ப, அது இதே கெர்னல ஐ-ன்னு வச்சுக்கிட்டு ஐ/ஐ² எடுக்கும். அந்த ஐ²-ல வகுக்கிற வேலைய செய்யாம விட்டா கெடைக்கிறது தான் இந்த யுனிவர்சல் ஃபார்ம். வித்தியாசம் அம்புட்டுத்தான். ஐ²-ல வகுக்கும் போது தான் "எக்ஸ் டிஎக்ஸ் = டிஎக்ஸ் எக்ஸ்" வருது, வகுக்கலன்னா அது வராது, ஏ கம்யூட்டேட்டிவா இருந்தாலும் வராது. இத நல்லா மனசுல வச்சுக்க, உன் ரெண்டாவது கேள்விக்கு பாதி பதில் இது.

டிகிரி என்-ல ஒரு ஃபார்ம்னா ஏ0 டிஏ1 டிஏ2 ... டிஏஎன், இதுகளோட கூட்டல். 1-க்கு டி போட்டா சைபர் ஆகுறதால டி-க்குள்ள இருக்குறது ஏ-வ கே-யால வகுத்ததுல இருந்து வருதுன்னு எடுத்துக்கலாம், அதாவது ஒமேகா-என் = ஏ டென்சர் (ஏ/கே)-யோட என் காப்பி. இப்ப டி என்ன பண்ணுது? ஏ0 டிஏ1 ... டிஏஎன்-ஐ 1·டிஏ0 டிஏ1 ... டிஏஎன் ஆக்குது. எப்ப இது சைபர் ஆகும்? ஏ0 இருக்குற எடத்துல கே-ல உள்ள கான்ஸ்டன்ட் மட்டும் இருந்தா. அப்படின்னா க்ளோஸ்டு ஃபார்ம் எல்லாமே டிஏ1 டிஏ2 ... டிஏஎன் மாதிரி தான் இருக்கும், அது ஏ1 டிஏ2 ... டிஏஎன்-ஓட டி தான. முடிஞ்சது ப்ரூஃப். எந்த ஏ எடுத்தாலும் சைபர், அதனால இந்த சைபர் ஏ-வ பத்தி ஒண்ணுமே சொல்லல.

இதுல தோல்வி ஒண்ணும் இல்ல. இந்த காம்ப்ளெக்ஸுக்கு எது எதுக்கு பக்கத்துல இருக்குன்னு தெரியாது, அம்புட்டு தான். அத நாம தான் வெளிய இருந்து சொல்லணும். சொல்றதுக்கு பல வழி இருக்கு: துண்டு துண்டா எடுத்து ஒட்டலாம், டயகனலுக்கு (புள்ளிக எல்லாம் ஒண்ணா சேர்ற எடம்) பக்கத்துல மட்டும் பாக்கலாம், இல்லன்னா கம்யூட்டேட்டர வகுத்து விடலாம். ஒவ்வொன்னுக்கும் ஒவ்வொரு கோஹோமாலஜி கெடைக்கும். மீதிய ராத்திரி எழுதுறேன், இப்ப மீட்டிங் இருக்கு.

சிம்மக்கல்_ஆளு:

அண்ணன் சொன்னது சரி தான், ஆனா டென்சர்ல ஆரம்பிச்சா புள்ளைக ஓடிரும்ணே. நம்மூருக்கு ஏத்த மாதிரி ஒண்ணு போடுறேன்.

மாசி வீதி நாலு முக்கு எடுத்துக்கங்க, வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு. ஏ-ங்கிறது இந்த நாலு முக்கு மேல உள்ள ஃபங்ஷன் எல்லாம். எஃப்-னா ஒவ்வொரு முக்குலயும் எத்தன பூக்கடைன்னு வச்சுக்கங்க, வடகிழக்குல 30, தென்கிழக்குல 12, சும்மா ஒரு பேச்சுக்கு. இப்ப 1-ஃபார்ம்னா "இங்கிருந்து அங்க"ன்னு ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நம்பர், இருந்த எடத்துலயே நின்னா 0. டிஎஃப்-னா போய்ச் சேர்ற முக்கோட எஃப் மைனஸ் கெளம்புற முக்கோட எஃப். வடகிழக்குல இருந்து தென்கிழக்குக்கு வந்தா 12 மைனஸ் 30, அதாவது −18.

எஃப்·டிஎஃப்-னா கெளம்புற முக்கோட எஃப்-ஆல பெருக்கணும்: 30 × −18 = −540. டிஎஃப்·எஃப்-னா சேர்ற முக்கோட எஃப்-ஆல பெருக்கணும்: 12 × −18 = −216. ரெண்டும் வேற வேற! ஏ கம்யூட்டேட்டிவ் தான், ஆனா ஃபார்முக்கு இடது கை வலது கை வேற. ஏன்னா ஃபார்ம் ஒரு புள்ளில உக்காந்துருக்கல, ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கு. ரெண்டையும் கூட்டுங்க, −756. இப்ப எஃப்² எடுத்து டி போடுங்க, 144 மைனஸ் 900, −756. லைப்னிட்ஸ் டாண்ணு நிக்குது பாத்தீங்களா.

இன்னும் ஒண்ணு, −540-ல இருந்து −216-ஐ கழிங்க, −324 வரும், அது 18-ஓட ஸ்கொயருக்கு மைனஸ். அதாவது எஃப்·டிஎஃப்-புக்கும் டிஎஃப்·எஃப்-புக்கும் உள்ள வித்தியாசம் செகண்ட் ஆர்டர். ரெண்டு புள்ளியும் ரொம்ப பக்கம் பக்கமா வந்தா இந்த வித்தியாசம் டிஎஃப்-ப விட வேகமா காணாம போயிரும், அப்ப நாம காலேஜ்ல படிச்ச பழைய ஃபார்ம் வந்துரும். வைகைக்கரை அண்ணன் ஐ/ஐ²-ன்னு சொன்னது இதத்தான்.

இப்ப கோஹோமாலஜி ஏன் சைபர்? ஏன்னா இதுல எந்த முக்குல இருந்தும் எந்த முக்குக்கும் நேரா தாவலாம், கோயிலுக்குள்ள பூந்து குறுக்க எதிர் முக்குக்கும் போலாம். எல்லாத்துக்கும் எல்லாம் பக்கத்து வீடு. அப்புறம் ஓட்டை எங்கிட்டு இருந்து வரும்? குறுக்க போகக்கூடாது, வீதி வழியா அடுத்த முக்குக்கு மட்டும் தான் போகணும்னு ரூல் போடுங்க, அப்பத்தான் நடுவுல கோயில் இருக்குற எடம் ஓட்டையா தெரியும், ஹெச்1, அதாவது டிகிரி 1 கோஹோமாலஜி, வரும்.

நாகமலை_மேக்ஸ்:

அண்ணே செம!! −756 நானும் போட்டுப் பாத்தேன். 2-ஃபார்ம்னா அப்ப மூணு முக்கு வரிசையா, சரியா? ஒமேகா ஒரு 1-ஃபார்ம்னா அதோட டி, (எக்ஸ், ஒய், இசட்)-ல ஒமேகா(ஒய், இசட்) மைனஸ் ஒமேகா(எக்ஸ், இசட்) ப்ளஸ் ஒமேகா(எக்ஸ், ஒய்). இது சிம்ப்ளிஷியல் கோபவுண்டரி மாதிரியே இருக்கே?

சிம்மக்கல்_ஆளு:

மாதிரி இல்ல, அதே தான். அலெக்சாண்டர்-ஸ்பேனியர் கோஹோமாலஜின்னு ஒண்ணு இருக்கு, அலெக்சாண்டர் 1935-ல, ஸ்பேனியர் 1948-ல. ஸ்பேஸோட என்+1 புள்ளிகள எடுத்து நம்பர் குடுக்குற ஃபங்ஷன் எல்லாம் கோசெயின், ஆனா டயகனலுக்கு பக்கத்துல சைபரா இருக்குறத எல்லாம் தூக்கிப் போட்டுரணும். அந்த "தூக்கிப் போடுறது" இல்லன்னா அதுவும் சைபர் தான். ஆக நம்ம யுனிவர்சல் ஃபார்ம்ங்கிறது தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி உள்ள சரக்கு.

கணக்குப்புள்ள:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். சிம்மக்கல் சொன்னது புள்ளிகள் எண்ணி முடிக்கிற அளவுக்கு இருந்தா அப்படியே சரி. புள்ளி முடிவில்லாம இருந்தா ஏ டென்சர் ஏ-ங்கிறது எக்ஸ் கிராஸ் எக்ஸ் மேல உள்ள எல்லா ஃபங்ஷனும் ஆகாது, அதுல ஒரு பகுதி தான். ஸ்மூத் ஃபங்ஷன்னா டென்சர கம்ப்ளீட் பண்ணனும். புதுசா படிக்கிறவங்க அத கவனிக்காம எழுதிட்டா வைவால மாட்டிக்குவாங்க, அதுக்காக சொன்னேன்.

உசிலம்பட்டி_வாத்தியார்:

வணக்கம். நான் ஒரு காலத்துல டோபாலஜி எடுத்தவன், இப்ப ரிட்டயர்டு, தோட்டமும் பேரனும்னு போயிட்டு இருக்கு, இந்த மாதிரி கேள்வி வந்தா மட்டும் கை பரபரங்குது. இன்டீஜர் விசயத்த நான் சொல்றேன், ஏன்னா அதுதான் இந்த கதைல ருசியான எடம், அத பத்தி யாரும் இன்னும் பேசல.

அம்மா, நீ டெ ராம் தியரத்த படிச்சிருக்கே, 1931-ல அவரோட தீசிஸ்ல வந்தது. அதுல கோயஃபிஷண்ட் ரியல் நம்பர். டார்ஷன், அதாவது சில தடவ கூட்டுனா சைபராகிற க்ளாஸ், அதுக்கு தெரியாது. ப்ராஜெக்டிவ் ப்ளேனோட ஹெச்2-ல இன்டீஜர் மேல 2 டார்ஷன் இருக்கு, டெ ராம் அத பாக்காமலேயே போயிரும். சரி, ரியலுக்கு பதிலா இன்டீஜர் மேல பாலினாமியல் ஃபார்ம் வச்சு பண்ணலாமேன்னு தோணும். ஒரு கோட்டு மேல பண்ணிப் பாரு. எக்ஸ் டிஎக்ஸ் எடு. டி(எக்ஸ்²) = 2 எக்ஸ் டிஎக்ஸ். எக்ஸ் டிஎக்ஸ் வேணும்னா பாதியாக்கணும், இன்டீஜர்ல பாதி இல்ல. கோட்டு மேல 2-ஃபார்மே கெடையாதுங்கிறதால எக்ஸ் டிஎக்ஸ் க்ளோஸ்டு, ஆனா எக்ஸாக்ட் இல்ல. ஒரு ஓட்டையும் இல்லாத நேர்கோட்டுக்கு ஹெச்1 வந்து நிக்குது! மாடுலோ பி போனா இன்னும் மோசம், எக்ஸ்-ஓட பி−1 பவர் டிஎக்ஸ் எக்ஸாக்டே ஆகாது, ஏன்னா எக்ஸ்-ஓட பி பவருக்கு டி போட்டா பி வெளிய வந்து சைபராகிரும். பாயின்கரே லெம்மா, அதாவது ஓட்டை இல்லாத எடத்துல க்ளோஸ்டுன்னா எக்ஸாக்ட்ங்கிறது, படுத்துருச்சு. இன்டக்ரேட் பண்ணனும்னா வகுக்கணும், வகுக்கணும்னா ரேஷனல் நம்பராவது வேணும். சலிவன் 1977-ல பாலினாமியல் ஃபார்ம வச்சு ஹோமோடோப்பி தியரிய அவ்வளவு அழகா பண்ணது ரேஷனல் மேல தான், அதுக்கு கீழ எறங்க முடியல.

இப்ப அதே எக்ஸ் டிஎக்ஸ்-ஐ நான்-கம்யூட்டேட்டிவ் ஃபார்மா பாரு. டி(எக்ஸ்²) = எக்ஸ் டிஎக்ஸ் + டிஎக்ஸ் எக்ஸ். எக்ஸ் டிஎக்ஸ் மட்டும் தனியா க்ளோஸ்டா? அதோட டி, டிஎக்ஸ் டிஎக்ஸ். பழைய ஃபார்ம்ல டிஎக்ஸ் டிஎக்ஸ் சைபர், இதுல சைபர் இல்ல! ஆக எக்ஸ் டிஎக்ஸ் க்ளோஸ்டே இல்ல, அத எக்ஸாக்ட்னு காட்ட வேண்டிய கடமையும் நமக்கு இல்ல. வகுத்தல் தேவைப்படுற எடமே வரல. 2 எக்ஸ் டிஎக்ஸ்-னு ஒட்டிக்கிட்டு இருந்த ரெண்டும் எக்ஸ் டிஎக்ஸ், டிஎக்ஸ் எக்ஸ்-னு பிரிஞ்சு நின்னுருச்சு, பிரிஞ்சு நின்னதால அந்த 2 காணாம போச்சு. எக்ஸ்³-க்கு டி போட்டா எக்ஸ்² டிஎக்ஸ், எக்ஸ் டிஎக்ஸ் எக்ஸ், டிஎக்ஸ் எக்ஸ்², மூணும் தனித்தனி, 3 இல்ல. எந்த ரிங் மேல வேணும்னாலும் பாயின்கரே லெம்மா நிக்கும்.

இப்ப உன் மொத கேள்விக்கு வா. "எல்லாம் சைபர்"ங்கிறத ஒரு சிம்ப்ளெக்ஸுக்கு (புள்ளி, கோடு, முக்கோணம் மாதிரி அடிப்படைத் துண்டு) போட்டுப் பாரு. சிம்ப்ளெக்ஸுக்கு கோஹோமாலஜி சைபராத்தான் இருக்கணும், அதுல ஓட்டை இல்லையே! ஒவ்வொரு என்-சிம்ப்ளெக்ஸுக்கும் எக்ஸ்0 முதல் எக்ஸ்என் வரைக்கும் வேரியபிள், கூட்டுனா 1, இன்டீஜர் கோயஃபிஷண்ட் உள்ள பாலினாமியல் ரிங், அது மேல நான்-கம்யூட்டேட்டிவ் ஃபார்ம். ஒரு ஸ்பேஸ சிம்ப்ளெக்ஸா உடைச்சிட்டு, ஒவ்வொரு சிம்ப்ளெக்ஸ் மேலயும் ஒரு ஃபார்ம் வை, ரெண்டு சிம்ப்ளெக்ஸ் சேர்ற முகத்துல ரெண்டும் ஒத்துப் போகணும். அம்புட்டுத்தான் கண்டிஷன். இதுக்கு ரெண்டு விசயம் உண்மையா இருந்தா போதும், ஒண்ணு சிம்ப்ளெக்ஸ் ஒவ்வொன்னுலயும் கோஹோமாலஜி சைபர், ரெண்டு, ஓரத்துல குடுத்த ஃபார்ம உள்ளுக்குள்ள நீட்ட முடியணும். ரெண்டும் இருந்தா கெடைக்கிற கோஹோமாலஜி சாதாரண சிங்குலர் கோஹோமாலஜி தான், டார்ஷனோட சேத்து. சலிவன் பண்ண அதே ரூட்டு, வண்டி மட்டும் வேற. மேக்ஸ் கரூபி 1995-ல வெளியிட்டது இதான், பிரெஞ்சுல எழுதிருப்பாரு.

"ஆனா கம்யூட்டேட்டிவாவே வேற எதாச்சும் தந்திரம் பண்ணி இன்டீஜர் மேல கொண்டு வர முடியாதா"ன்னு நீ கேக்கணும், கேக்கல. முடியாது. காரணம் ஸ்டீன்ராட் ஸ்கொயர், மாடுலோ 2 கோஹோமாலஜி மேல உள்ள ஒரு ஆபரேஷன், 1947. மாடுலோ 2-ல கோசெயின் எல்லாம் உள்ளபடியே கம்யூட்டேட்டிவா, எந்த மேப்புக்கும் ஒத்துப்போற மாதிரி கட்டிட்டா, பெருக்கலோட வரிசை மாறுறத சரிக்கட்ட கப்-1, கப்-2ன்னு வரிசையா வர்ற கரெக்ஷன் எல்லாம் சைபர்னு எடுத்துக்கலாம். ஆனா டிகிரி என் உள்ள ஒரு க்ளாஸோட ஸ்கொயர்-0ங்கிறது அந்த க்ளாஸோட கப்-என் தான, ஸ்கொயர்-0 ஐடென்டிட்டி மேப்புன்னு எல்லாருக்கும் தெரியும். ஆக எல்லா க்ளாஸும் சைபர்னு வந்துரும். அபத்தம். அதனால மாடுலோ 2-ல, இன்டீஜர்ல, கோசெயின் லெவல்ல நான்-கம்யூட்டேட்டிவா தான் இருந்தாகணும், அது நம்ம விருப்பம் இல்ல. கரூபி அதே வருசம் இன்னொரு பேப்பர்ல இந்த ஃபார்ம வச்சே ஸ்டீன்ராட் ஆபரேஷன கட்டிக் காட்டிருக்காரு.

பேரன் ஃபோன புடுங்குறான், வர்றேன்.

நாகமலை_மேக்ஸ்:

சார், டிஎக்ஸ் டிஎக்ஸ் சைபர் இல்லங்கிற ஒத்த வரிக்கே உங்களுக்கு கோடி நன்றி. லெக்சர்ல இத யாரும் சொல்லவே இல்ல.

தெப்பக்குளம்_த்ரீ:

நெட் எக்ஸாம்ல இதெல்லாம் வருமா?

சிம்மக்கல்_ஆளு:

வராது. போயி லீனியர் அல்ஜீப்ரா போடு.

வைகைக்கரை:

வாத்தியார் அய்யா பக்கத்த அய்யா பிரமாதமா முடிச்சிட்டாரு. நான் காலைல பாதில விட்டது இன்னொரு பக்கம், கம்யூட்டேட்டர வகுக்குறது. அது ஏ நெஜமாவே நான்-கம்யூட்டேட்டிவா இருக்கும் போது வேணும், அப்ப புள்ளியும் கெடையாது சிம்ப்ளெக்ஸும் கெடையாது, ஒட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல.

ஒமேகா மொத்தத்தையும் எடுத்து, கிரேடட் கம்யூட்டேட்டரால வகுத்துரு. டி அது மேலயும் ஓடும். வர்ற கோஹோமாலஜிக்கு நான்-கம்யூட்டேட்டிவ் டெ ராம்னு பேரு, கரூபி 1987-ல ஆஸ்டரிஸ்க்ங்கிற பிரெஞ்சு ஜர்னல்ல போட்ட நீளமான வேலைல இருக்கு. வாத்தியார் சொன்ன உதாரணத்த இதுல போடு, ஒரு வேடிக்க இருக்கு. எக்ஸ் டிஎக்ஸ்-ஐயும் டிஎக்ஸ் எக்ஸ்-ஐயும் கம்யூட்டேட்டர் ஒண்ணாக்கிரும், அப்ப டி(எக்ஸ்²) மறுபடியும் 2 எக்ஸ் டிஎக்ஸ் ஆயிரும், விரட்டி விட்ட 2 வாசல்ல வந்து நிக்கும். அதனால இந்த ரூட்டுல போறவங்க எல்லாம் ரேஷனல் நம்பராவது காம்ப்ளெக்ஸ் நம்பராவது கைல வச்சுக்கிட்டு தான் போவாங்க. ரெண்டு ரூட்டையும் ஒரே லெக்சர்ல சொன்னா கொழப்பம் வரத்தான் செய்யும், உன் மேல தப்பு இல்ல.

இது எதுக்கு ஆகும்? ஒமேகா மேல ஒரு க்ளோஸ்டு கிரேடட் ட்ரேஸ் இருக்குன்னு வை, அதாவது கம்யூட்டேட்டர் மேலயும் எக்ஸாக்ட் ஃபார்ம் மேலயும் சைபர் ஆகுற ஒரு இன்டக்ரல். அப்ப ஏ0 டிஏ1 ... டிஏஎன்-ஐ இன்டக்ரேட் பண்ணா வர்ற ஃபங்ஷனல், ஏ0-வ கடைசில கொண்டு போய் சுத்தி விட்டாலும் சைன் மட்டும் தான் மாறும். அது தான் சைக்ளிக் கோசைக்கிள். அலென் கான் இத 1985-ல வந்த பெரிய பேப்பர்ல கட்டுனாரு, ட்ஸிகான் தனியா வேற வழில 1983-லயே ஹோமாலஜி பக்கம் வந்துட்டாரு, லொடே-க்வில்லன் 1984. வருசத்த பாத்தாலே தெரியும், எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே கதவ தட்டிருக்காங்க.

அது சரியான டெஃபனிஷன் தானான்னு எப்படி தெரியும்? ஸ்மூத் மேனிஃபோல்டு மேல உள்ள ஃபங்ஷன் அல்ஜீப்ராவ போட்டா பழைய டெ ராம் திரும்பி வரணும். வருது. ஹோக்‌ஷில்ட், கோஸ்டன்ட், ரோசன்பர்க் மூணு பேரும் 1962-ல காட்டுனது: ஸ்மூத் கம்யூட்டேட்டிவ் அல்ஜீப்ராவோட ஹோக்‌ஷில்ட் ஹோமாலஜியே டிஃபரன்ஷியல் ஃபார்ம் தான். ஸ்மூத் ஃபங்ஷனுக்கு அதே விசயத்த கான் காட்டுனாரு. அவரோட சைக்ளிக் தியரில வர்ற பி-ங்கிற ஆபரேட்டர் அங்க டி-யா மாறுது. பீரியாடிக் சைக்ளிக் (சைக்ளிக் தியரியோட, ரெண்டு ரெண்டு டிகிரிக்கு ஒரு தடவ திரும்பி வர்ற வடிவம்) எடுத்தா ஈவன் பக்கம் ஈவன் டிகிரி டெ ராம் எல்லாம் கூட்டி, ஆட் பக்கம் ஆட் எல்லாம் கூட்டி. டிகிரி தனித்தனியா தெரியாது, ரெண்டு கூடை தான். கே-தியரிக்கும் (வெக்டர் பண்டில வச்சு கட்டுற தியரி) ரெண்டு கூடை தான் இருக்கு, அதோட இது சேந்து போகும்.

கணக்குப்புள்ள:

கே-தியரின்னு சொன்னீங்க, அதுக்கு நம்ம ஃபார்ம்லயே ஒரு கணக்கு இருக்கு, கைலயே போடலாம். இ ஒரு ஐடெம்பொடென்ட், இ² = இ. டி போடு: டிஇ = இ டிஇ + டிஇ இ. ரெண்டு பக்கமும் இ-யால பெருக்கு, இ டிஇ இ = 2 இ டிஇ இ, ஆக இ டிஇ இ = 0. கம்யூட்டேட்டிவ் ஃபார்மா இருந்தா இங்கிருந்து இ டிஇ = 0, டிஇ = 0ன்னு இழுத்துட்டுப் போயிரும், ஐடெம்பொடென்ட் ஃபார்முக்கு கண்ணுலயே படாது. நான்-கம்யூட்டேட்டிவ்ல டிஇ உயிரோட இருக்கும். மேட்ரிக்ஸ் ஐடெம்பொடென்ட்னா வெக்டர் பண்டில், அதுக்கு இ டிஇ டிஇ-யோட ட்ரேஸ் எடுத்தா, முன்னாடி ஒரு கான்ஸ்டன்ட் போக, செர்ன் கேரக்டரோட (பண்டிலுக்கு கோஹோமாலஜில வர்ற அடையாளம்) டிகிரி 2 பகுதி. இன்னும் ரெண்டு ரெண்டா டிஇ சேத்துக்கிட்டே போனா மேல உள்ள பகுதி. கனெக்ஷன், கர்வேச்சர்னு தனியா ஒண்ணும் தூக்கிட்டு வர வேணாம், பண்டில் உள்ளயே எல்லாம் இருக்கு. எனக்கு இந்த சப்ஜெக்ட்ல ரொம்ப புடிச்ச கணக்கு இதான்.

அழகர்கோயில்_ரோடு:

நான் பிசிக்ஸ் ஆளு. மேல சொன்னது எதுக்கு ஆகும்னு கேட்டா ஒரு நெஜ உதாரணம், குவாண்டம் ஹால் எஃபெக்ட். காந்தப்புலத்துல ரெண்டு டைமென்ஷன் எலக்ட்ரான், ரெண்டு பக்கம் நகத்துற ஆபரேட்டர் யூ, வி, யூவி-யும் வியூ-வும் ஒரு ஃபேஸ் வித்தியாசத்துல இருக்கும், அந்த ஃபேஸ் ஒரு யூனிட் செல் வழியா போற ஃப்ளக்ஸ பொறுத்தது. ஃப்ளக்ஸ் இர்ரேஷனலா போயிட்டா சாதாரண டோரஸ் மேல பண்டில்னு பேச முடியாது, ஸ்பேஸே கெடையாது. ஆனா யூ, வி-யால வர்ற அல்ஜீப்ரா இருக்கு, நான்-கம்யூட்டேட்டிவ் டோரஸ். அதுக்கு பீரியாடிக் சைக்ளிக் கோஹோமாலஜி ஈவன்ல 2, ஆட்ல 2, சாதாரண டோரஸ் மாதிரியே. அங்க ஒரு சைக்ளிக் 2-கோசைக்கிள் இருக்கு, அத ஃபெர்மி ப்ரொஜெக்ஷன்ல (எலக்ட்ரான் நெறஞ்ச எனர்ஜி நெலைகள மட்டும் எடுக்குற ஐடெம்பொடென்ட்) போட்டா ஹால் கண்டக்டன்ஸ், அது முழு எண்ணா வருதுன்னு பெல்லிசார் காட்டுனாரு. கணக்குப்புள்ள சொன்ன இ டிஇ டிஇ தான், இ-க்கு பதிலா ஃபெர்மி ப்ரொஜெக்ஷன். லேப்ல அளக்குற நம்பர் இது, அதனால மேக்ஸ்காரங்க வெளையாட்டுன்னு யாரும் சொல்ல முடியாது.

நாகமலை_மேக்ஸ்:

பிசிக்ஸ் அண்ணன் சொன்னதுல பாதி புரியல, ஆனா பொறுமையா படிக்கிறேன். சிம்மக்கல் அண்ணே, உங்க ரூல நான் சின்னதா போட்டுப் பாத்தேன். மூணு முக்கு மட்டும் எடுத்து முக்கோணமா வச்சேன், பக்கத்துல உள்ளதுக்கு மட்டும் போகலாம்னு. வட்டம் மாதிரி தான இருக்கு, ஹெச்1 ஒண்ணு வரும்னு பாத்தேன், சைபர் தான் வருது. எங்க இடிக்குது?

சிம்மக்கல்_ஆளு:

எங்கயும் இடிக்கல, மூணு பத்தாது. மூணுல எல்லாரும் எல்லாருக்கும் பக்கத்துல இருக்காங்க, அப்ப (எக்ஸ், ஒய், இசட்) ஒரு சரியான 2-ஃபார்ம் எடம் ஆயிருது, முக்கோணம் ரொம்பிருச்சு. நாலு எடுங்க.

நாலு முக்குல எதிர் எதிர் முக்கு பக்கம் கெடையாது, அதனால மூணு வேற வேற முக்கு ஒருத்தருக்கொருத்தர் பக்கமா இருக்கவே முடியாது. மிச்சம் இருக்குறது (எக்ஸ், ஒய், எக்ஸ்), போயிட்டு திரும்பி வர்றது மட்டும். அதுல டி சைபர்னா ஒமேகா(ஒய், எக்ஸ்) = −ஒமேகா(எக்ஸ், ஒய்)னு வரும், அதாவது வீதிக்கு ஒரு நம்பர், திரும்பி நடந்தா சைன் மாறும். நாலு வீதி, க்ளோஸ்டு ஃபார்ம் 4 டைமென்ஷன். எக்ஸாக்ட் எத்தன? நாலு முக்குல ஃபங்ஷன் 4, அதுல கான்ஸ்டன்ட் போக 3. 4 மைனஸ் 3, ஹெச்1 = 1. ஒரு வீதிக்கு மட்டும் 1, மத்த மூணுக்கும் 0 வச்சுப் பாருங்க, ஒரு சுத்து வந்து கூட்டுனா 1 வரும், எக்ஸாக்ட்டா இருந்தா 0 வந்துருக்கணும்.

உசிலம்பட்டி_வாத்தியார்:

இதுல எங்கயும் வகுக்கல, கவனிச்சியாம்மா. அதனால 4 மைனஸ் 3ங்கிறது இன்டீஜர் மேலயும் அப்படியே நிக்கும், ஹெச்1 இன்டீஜர் ஒரு காப்பி. அடுத்து ப்ராஜெக்டிவ் ப்ளேன 6 புள்ளில முக்கோணமா உடைக்கலாம், 15 ஓரம், 10 முக்கோணம். ஆனா ஒண்ணு, அந்த 6 புள்ளில எல்லாரும் எல்லாருக்கும் பக்கம், சிம்மக்கல் தம்பியோட பக்கத்து ரூல அப்படியே போட்டா உன் மூணு முக்கு மாதிரியே ரொம்பிரும். எந்த 10 முக்கோணம்னு கைல சொல்லித்தான் ஆகணும். சொல்லிட்டு ஹெச்2 எடு, அந்த 2 டார்ஷன் உன் கைலயே வரும். வந்ததும் இங்க போடு, பாக்குறேன்.